பட்டணத்துப் படம்

நம் தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. சித்திரக்காரர் தூரிகையால் தீட்டுவதும் படம். சர்வேக்காரர் சங்கிலி போட்டு அளந்து காகிதத்தில் இறக்குவதும் படம். இங்கிலீஷ்காரருக்கு இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நமக்கோ பூஜை அறையில் மாட்டிய ராமர் பட்டாபிஷேகமும் படம், பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் இந்தியா தேசமும் படம். இது சொல்லுக்கு வந்த பஞ்சம் என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் என் நண்பரான ஒரு சித்திரக்காரர். அவருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னைப் பட்டணத்தின் பழைய வீதிகளில் நடந்துவந்த கதையை நேயர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கதவும் கதாநாயகியும்

பெயரை வெளியிடக் கூடாதென்பது அவருடைய நிபந்தனை. ஆகவே 'சித்திரக்காரர்' என்றே அழைப்போம். நேரில் நான் அவரை 'அண்ணா' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். நாற்பது வருஷம் பத்திரிகைகளின் தொடர்கதைகளுக்குப் படம் வரைந்தவர். அவர் வரைந்த கதாநாயகிகள் எல்லாரும் ஏதேனும் ஒரு கதவோரத்தில் நின்றுதான் கண்ணீர் விடுவார்கள். கதாநாயகியின் முகத்தைச் சில வேளை அவசரத்தில் முடித்துவிடுவார். கதவில் மட்டும் நிலை, கீல், குமிழ், தாழ்ப்பாள் ஒன்றும் தவறாது. "ஐயா, உம்முடைய கதவுக்குத்தான் வாசகர்கள் காதல் கடிதம் எழுதப்போகிறார்கள்" என்று ஒரு பத்திரிகாசிரியர் கடிந்துகொண்டாராம். "கண்ணீர் வரைந்து சம்பாதித்ததையெல்லாம் கட்டடம் வரைவதில் செலவு செய்துவிட்டேன், தம்பி!" என்பார்.

அவருடைய அறையில் நாற்காலியைத் தவிர மற்ற இடமெல்லாம் படங்கள். ஒரு மூலையில் நகரப் படங்கள் சுருள் சுருளாக நிற்கும். அவற்றுள் பல, மூர் மார்க்கெட்டில் பழைய புஸ்தகக் கடைகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து பேரம் பேசி வாங்கியவை. 1900-ல் திறக்கப்பட்ட அந்த மார்க்கெட் 1985-ல் தீக்கு இரையாயிற்று. "என் கலாசாலை எரிந்துபோயிற்று" என்று அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவியார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு குறை. சேப்பாக்கத்து செனெட் ஹவுஸைப் பதினொரு தடவை வரைந்திருக்கிறார். உயர்நீதி மன்றத்தின் கோபுரங்களை எத்தனை முறை வரைந்தாரோ அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால் தாம் பிறந்து வளர்ந்த வீட்டை ஒரு தடவைகூட வரையவில்லை. பூக்கடைக்கு வடக்கே ஒரு சந்தில் அந்த வீடு இருந்தது. பாகப் பிரிவினைக்குப் பின் கைமாறியது. "வீடு எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த வாரம் வரைந்தால் போகிறது" என்று நாற்பது வருஷம் தள்ளிப்போட்டார். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியலும் ஒரு லாரியும் இருந்தன.

அன்று முதல் ஞாபகத்திலிருந்து அந்த வீட்டை வரைய முயன்றுவருகிறார். ரேழி வந்தது, முற்றம் வந்தது, மாடிப் படியின் உடைந்த மூன்றாம் படிகூட வந்துவிட்டது. வாசல் திண்ணையில்தான் வண்டி நின்றுவிட்டது. திண்ணையில் எத்தனை தூண்? நான்கு என்பது அவருடைய ஞாபகம். மூன்று என்று கும்பகோணத்திலிருக்கும் அவருடைய தமக்கையார் சத்தியம் செய்கிறார். வீட்டில் எடுத்த புகைப்படம் ஒன்றே ஒன்று. அது கல்யாணப் படம். அதில் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் சம்பந்திகளும் வாசலை முழுவதும் மறைத்துவிட்டார்கள்!

"டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, மெல்லிய கோடு போடும் வேலையை இனிமேல் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதற்குள் இதை முடித்தாக வேண்டும். வருகிறாயா, ஒரு நடை போய் வரலாம்" என்றார். புறப்பட்டோம்.

எல்லைக் கல்

பாரி முனையில் இறங்கினோம். அங்கே உள்ள டேர் ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கல் தூண் நிற்கிறது. தினந்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அதைக் கடந்து போகிறார்கள். நின்று பார்ப்பவர் இல்லை. சித்திரக்காரர் அதைத் தொட்டுக்கொண்டு, "பட்டணத்துப் படம் இங்கிருந்துதான் ஆரம்பம்" என்றார்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியதும், அதன் வடபுறத்தில் நெசவாளரும் வர்த்தகரும் துபாஷிகளும் குடியேறி ஒரு பட்டணம் எழுந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் வாழ்ந்த பகுதி 'வெள்ளைப் பட்டணம்'. வெளியே நம்மவர் வாழ்ந்தது 'கறுப்புப் பட்டணம்'. தாமஸ் பிட் என்பவர் கவர்னராயிருந்த காலத்தில் (1698—1709) அளக்கப்பட்ட புகழ்பெற்ற படத்திலும் அந்தப் பெயரையே காணலாம். 1906-ல் இளவரசர் வந்துபோனதை முன்னிட்டு 'ஜார்ஜ் டவுன்' என்று மாற்றும் வரையில் அந்தப் பெயர் நீடித்தது. நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். பிறகு ராஜகுமாரரைப் பார்த்துப் பெயரிட்டார்கள். குடியிருந்தவர்களைப் பார்த்து ஒரு தடவையாவது பெயரிடத் தோன்றவில்லை.

1746-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது இங்கிலீஷ்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. மதிலுக்கு இவ்வளவு அருகில் வீடுகள் இருந்தால் பகைவர் மறைந்து நின்று சுட வசதியாகும் என்ற பயம் அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது. பழைய பட்டணம் இடிக்கப்பட்டு வெறும் வெளியாக்கப்பட்டது. இதற்கு இப்பால் ஒருவரும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773-ல் ஆறு தூண்கள் நட்டார்கள். அந்த ஆறில் மிஞ்சியதுதான் இந்த ஒன்று.

"படத்தில் பார்த்தால் ஒரு கோடு. எவ்வளவு சுத்தமான கோடு! வரைந்தவன் கை நடுங்கவேயில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்குத் தெற்கே எத்தனை திண்ணைகள் இருந்திருக்கும், நினைத்துப் பார்" என்றார்.

கோயில் இருந்த இடம்

உயர்நீதி மன்றத்தின் எதிரே வந்து நின்றோம். சிவந்த செங்கல்லும், குமிழ்க் கோபுரங்களும், வளைவுக்குள் வளைவாகச் செல்லும் தாழ்வாரங்களுமாக அந்தக் கட்டடம் காலை வெயிலில் ஜொலித்தது. பிராஸிங்டன் என்பவர் முதலில் திட்டமிட்டு, ஹென்றி இர்வின் என்பவர் திருத்தி முடித்து, 1892-ல் திறக்கப்பட்டது. கட்டி எழுப்பிய காண்டிராக்டர் நம்மவரான தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரையில் கலங்கரை விளக்கு எரிந்தது. அதற்கு முன்பு, 1844 முதல், வெளிச்சம் காட்டிய பழைய விளக்குத் தூண் இன்னமும் அதே வளாகத்தில் நிற்கிறது.

"முகலாயர் பாணி, ராஜபுத்திர பாணி, இங்கிலாந்துப் பாணி எல்லாவற்றையும் கலந்து கட்டிய கதம்பம் என்று சிலர் குறை சொல்வார்கள். சொல்லட்டும். நிழல் விழுவதைப் பார்! ஒவ்வொரு வளைவும் தன் நிழலைப் பக்கத்துத் தூணுக்குக் கொடுக்கிறது. சித்திரக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?" என்று கூறி, ஐந்தே நிமிஷத்தில் ஒரு மூலையை வரைந்து முடித்தார். முதலில் தம் கண் மட்டத்தில் ஒரு கோடு, பிறகு சுவரின் விளிம்புகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளி, பிறகு நிழல்கள், கடைசியில்தான் கல்லும் செங்கல்லும். பத்திரிகைக்கு வரையும் பழக்கத்தால் அச்சில் வரவேண்டிய அளவுக்கு ஒன்றரை மடங்கு பெரிதாகவே வரைவார். பிளாக் செய்யும்போது சுருக்கினால், கை நடுக்கமும் கூடச் சுருங்கிவிடும் என்பது அந்தக் காலத்து ரகசியம்.

வரைந்து முடித்தவுடன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கட்டங்களாக ஒரு சிறு படம் போட்டார். "இந்த நீதி ஸ்தலம் இருக்கும் இடத்தில்தான் பட்டணம் கோயில் இருந்தது" என்றார்.

கம்பெனியின் துபாஷியாயிருந்த பேரி திம்மப்பா கட்டுவித்த சென்ன கேசவப் பெருமாள் கோயில் அது. கோட்டையின் பாதுகாப்பை முன்னிட்டு 1757-ல் அதையும் இடித்தார்கள். ஆனால் ஜனங்கள் கோயிலை மறந்து விடுவதாயில்லை. வேறிடம் வாங்கி, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் பெருமுயற்சியால், சென்ன கேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோயில்கள் பூக்கடைப் பக்கத்தில் எழுந்தன. ஆக, பழைய படத்தில் ஓரிடத்திலும் புதிய படத்தில் வேறிடத்திலும் இருக்கிறார் சுவாமி. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடந்தது என்ன என்று தெரியும்.

பெயர் படும் பாடு

வழியில் வீதிப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தோம். ஆர்மீனியர் என்ற தூர தேசத்து வர்த்தகர்கள் வாழ்ந்த தெரு நம்மவர் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அங்கே எந்த ராஜாவுக்கும் அரண்மனை இருந்ததில்லை! 1772-ல் கட்டிய ஆர்மீனியர் ஆலயம் மட்டும் வெள்ளைச் சுவர்களுடன் அமைதியாய் நிற்கிறது. உலகத்திலேயே முதன்முதல் ஆர்மீனிய பாஷையில் ஒரு பத்திரிகை வெளிவந்தது நம் சென்னைப் பட்டணத்தில்தான், அது 1794-ல். அந்தப் பத்திரிகையை நடத்திய பாதிரியார் இந்த ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

மேற்கே 'வால்டாக்ஸ் ரோடு' இருக்கிறது. ஹைதர் அலியின் குதிரைப் படைக்கு அஞ்சிப் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனியார், அதன் செலவுக்கு ஜனங்கள்மீது வரி போட நினைத்தார்கள். வரி கடைசிவரையில் வசூலாகவில்லை. மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. கட்டாத வரியின் பெயர் மாத்திரம் வீதிக்கு நிலைத்துவிட்டது. மயிலாப்பூர்ப் பக்கத்தில் 'ஹாமில்டன்' பாலம் நம்மவர் நாக்கில் 'அம்பட்டன் வாராவதி' ஆகி, அதையே ஒரு புண்ணியவான் மறுபடியும் இங்கிலீஷில் பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினான் என்ற கதை நேயர்கள் அறிந்ததே.

"படத்தில் கோடு போடுகிறவன் அளந்து போடுகிறான். பெயர் எழுதும்போது காதில் விழுந்ததை எழுதிவிடுகிறான். ஆனால் எனக்கு அந்தப் பிழைகள் மேல்தான் பிரியம். அளவில் துரைமார் இருக்கிறார்கள்; பிழையில் நம் ஜனங்கள் இருக்கிறார்கள்" என்று சித்திரக்காரர் சிரித்தார்.

சங்கிலியும் கோபுரமும்

ஒரு காப்பி ஹோட்டலில் உட்கார்ந்தோம். படங்கள் எப்படி உண்டாயின என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

1802-ல் பரங்கிமலைக்கு அருகில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை நூறு அடிச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதற்காக நிழல் போட்டுப் பெட்டிகளுக்குள் வைத்து அளந்தார்களாம். அந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்து, ஒரு முக்கோணத்தின்மேல் இன்னொரு முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போனதுதான் இந்தியா தேசத்தின் பெரிய சர்வே. கோணம் அளக்கும் தியோடலைட் யந்திரம் அரை டன் கனம். மலையில்லாத சமவெளியில் உயரமான இடத்துக்கு எங்கே போவது? நம் கோயில் கோபுரங்கள் இருக்கின்றனவே! 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அந்த யந்திரத்தைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது; யந்திரம் சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்து கிடந்து, தம் கையாலேயே வட்டத்தைத் தட்டிச் சரிசெய்து, மறுபடியும் வேலைக்குக் கிளம்பினார்.

"எதிரியானாலும் அந்தப் பொறுமையை நான் கும்பிடுவேன். ஆனால் இன்னொன்றும் கேள். சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள், காட்டில் காய்ச்சல் வந்து மாண்டவர்கள் யார்? நம் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் படத்தில் இருக்கிறது?" என்றார்.

சென்னையின் சர்வேயர் ஜெனரலாயிருந்த காலின் மெக்கன்ஸியைப் பற்றியும் சொன்னார். ஊர் ஊராகச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டிய மகானுபாவர் அவர். அந்தத் திரட்டில் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தில் இருக்கிறது. அவருக்கு வலது கையாயிருந்தவர் காவலி வெங்கட போரய்யா. 1803-ல் இளவயதிலேயே காலமானார். பின்னர் அவருடைய சகோதரர்கள் அந்த வேலையை நடத்தினார்கள். 1816-ல் தாமஸ் ஹிக்கி தீட்டிய வர்ணப் படத்தில் மெக்கன்ஸி சிவப்புச் சட்டையுடன் நடுவில் நிற்க, மூன்று இந்தியர்கள் சுற்றி நிற்கிறார்கள். "சர்வேக்காரனின் படம் விட்டுவிட்டதைச் சித்திரக்காரனின் படம் காப்பாற்றியது, பார்த்தாயா? இரண்டும் சேர்ந்தால்தான், தம்பி, படம்" என்று அவர் சொன்னபோது, நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது பஞ்சத்தினால் அல்ல என்று எனக்கு விளங்கிற்று.

இரண்டு தூண்கள்

பூக்கடைப் பக்கம் திரும்பினோம். மல்லிகையும் மருக்கொழுந்தும் ஈரத் துணியும் கலந்த வாசனை. கைவண்டிகள், மூட்டை சுமப்பவர்கள், "ஓரம், ஓரம்!" என்ற கூச்சல். சந்துக்குள் நுழைந்தோம். அவருடைய வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழுந்து, கீழே பிளாஸ்டிக் சாமான் கடை நடக்கிறது. சித்திரக்காரர் ஒன்றும் பேசவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றார்.

சுவரோரத்தில் ஒரு கிழவி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அவரையே உற்றுப் பார்த்தவள், "நீங்க அந்த வூட்டுச் சின்னப் பிள்ளை இல்லே? சாக்கட்டியாலே தரையெல்லாம் படம் போடுவீங்களே!" என்றாள்.

சித்திரக்காரருடைய முகத்தை அப்போது வரைய யாருமில்லாமற் போனார்களே என்று எனக்கு வருத்தம். மெல்ல அவளருகில் உட்கார்ந்து, "அம்மா, எங்கள் திண்ணை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எத்தனை தூண்?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள் அவள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே. "வாசப்படிக்கு இந்தாண்டை ஒண்ணு, அந்தாண்டை ஒண்ணு. ரெண்டும் மரத் தூணு. அந்தாண்டைத் தூணிலே ஒரு ஆணி இருக்கும். மழை வந்தா எங்க அம்மா அதிலேதான் சாக்கைக் கட்டிக்கிட்டுக் கீழே குந்தும். உங்க பாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நாலு இல்லையா?"

"பக்கத்து வூட்டுத் தூணையும் சேர்த்தா நாலு. ரெண்டு திண்ணைக்கும் நடுவிலே சுவரு ஏது? நீங்க பசங்க எல்லாம் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுவீங்களே!"

சித்திரக்காரர் பையிலிருந்து பழைய சர்வே படத்தின் நகலை எடுத்து விரித்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். அவருடைய மனையின் முகப்பு பதினைந்தே அடி. வாசற்படி போக மிச்சமுள்ள இடத்தில் நான்கு தூண் நட்டால், திண்ணையில் பூனைகூடப் படுக்க முடியாது. "இந்தக் கணக்கு மூன்று வருஷமாய் என் கையில் இருந்தது. ஆனால் என் ஞாபகத்தை நம்பினேனே தவிர, இதை நம்பவில்லை" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கு அது ஒரே திண்ணை. எங்கள் வீடு எங்கே முடிந்தது என்று எனக்கு அப்போது தெரியாது" என்றார்.

அங்கேயே தெருவோரத்தில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். வாசற்படி வந்தது, இருபுறமும் தூண்கள் வந்தன, ஆணி வந்தது, ஆணியில் கட்டிய சாக்கு வந்தது. சாக்கின் கீழே பூக் கூடையுடன் ஒரு பெண் உருவம் வந்தது. பக்கத்து வீட்டின் இரண்டு தூண்களையும் அவர் விட்டுவிடவில்லை; அவற்றையும் மெல்லிய கோட்டில் போட்டார்.

படத்தைக் கிழவியிடம் காட்டினார். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "எல்லாம் சரிதான். ஆனா எங்க அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். நார் வலது கையிலே இருக்கும்" என்றாள்.

சித்திரக்காரர் ரப்பரை எடுத்து இரண்டு கைகளையும் அழித்தார். பத்து நிமிஷம் பாடுபட்டுத் திரும்பவும் வரைந்தார். இம்முறை கிழவி ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, படத்தின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

சித்திரப் பத்திரிகையில் இவ்வளவு எழுதிவிட்டு, மேற்படி படத்தைப் போடாமல் விட்டது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. படம் சித்திரக்காரரிடம் இல்லை. பூக்கடைச் சந்தில், கிழவியின் கூடைக்கு மேலே, கண்ணாடி போட்டு ஒரு ஆணியில் மாட்டியிருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் நேரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போகிறவர்கள் இரண்டு முழம் பூவும் வாங்கி வரவேண்டியது.